மீந்த சோற்றைச் சூடுபண்ணும் முறை: வேலூர் வெயிலில் சமைப்பவர்களுக்கு

காட்பாடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து பக்கத்து லாட்ஜில் பத்து நாள் தாங்களே பொங்கிச் சாப்பிடுகிறவர்கள், சத்துவாச்சாரியில் புதிதாகத் தனிக்குடித்தனம் தொடங்கியவர்கள் என்று எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே வரும் சந்தேகம் ஒன்றுதான். நேற்று பூப்போல இருந்த சோறு இன்று ஏன் உதிர்ந்து, விறைத்து, தொண்டையில் இறங்காமல் நிற்கிறது? அதை எப்படித் திரும்பப் பதமாக்குவது?

பதமாக்குவது எளிது. நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாமே பத்து நிமிட வேலை. ஆனால் சோற்றைச் சூடுபண்ணும் வேலை மறுநாள் காலையில் தொடங்குவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டால், பிறகு எந்த அடுப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் ஒரு மணி நேரம்

மண்ணில் இயல்பாகவே வாழும் ஒரு நுண்ணுயிர் பேசில்லஸ் சீரியஸ். நெல்லோடு சேர்ந்து அரிசிக்கும் அது வந்துவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது. உலையில் கொதிக்கும்போது உயிருள்ள கிருமி செத்துவிடும். ஆனால் அதன் வித்துகள் கெட்டியான உறைக்குள் இருப்பதால் கொதிநீரையும் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பானதும் அந்த வித்துகள் முளைத்துப் பெருக ஆரம்பிக்கின்றன. 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, 5 டிகிரிக்கு மேலே இருக்கும் இடைவெளிதான் அவற்றுக்குத் தோதான இடம். சாதாரண நாளிலேயே வேலூர்ச் சமையலறை 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, ஷீட் போட்ட அறைக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கிருமி பெருகும்போது சோற்றுக்குள் ஒரு நச்சை விடுகிறது. வாந்தி வரவழைக்கும் அந்த நச்சு சூட்டுக்கு அழியாது. குக்கரில் நாலு விசில் விட்டாலும், மைக்ரோவேவில் ஆவி பறக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், நச்சு அப்படியே இருக்கும். அதற்கு வாடையும் கிடையாது, புளிப்பும் கிடையாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். இதே கிருமியின் இன்னொரு வகைத் தொல்லை வயிற்றுப்போக்கு. அது ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும். "நல்லா சூடு பண்ணிட்டேனே, எப்படி ஒத்துக்காமப் போச்சு" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சுற்றுச்சூழல் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரத்துக்குள் வைக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. வட ஆற்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் 2 மணி நேரக் கணக்கை மறந்துவிடுவதே நல்லது. மார்கழி, தை இரவுகளைத் தவிர ஆண்டு முழுவதும் 1 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறவைப்பது இப்படி. மிஞ்சப்போகும் சோற்றைச் சாப்பிட உட்காரும் முன்பே எடுத்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் ஒழிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முக்கால் மணி போய்விடும். அகலமான தாம்பாளத்தில் ஒரு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஆப்பையின் விளிம்பால் கட்டிகளை மெதுவாகப் பிரித்துவிடுங்கள், அழுத்தக் கூடாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு, மின்விசிறிக்குக் கீழே 20 நிமிடம் வையுங்கள். புறங்கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது, அதுதான் பதம். வெயில் காலத்தில் விசிறிக் காற்றே அனலாக வீசும். அப்போது தாம்பாளத்தை, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய இன்னொரு அகலப் பாத்திரத்தின் மேல் வைத்தால் பாதி நேரத்தில் ஆறிவிடும்.

ஆறியதும் மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி டப்பாவிலோ ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே பெரிய டப்பாவில் திணித்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும். மறுநாள் பாதி எடுத்து மீதியைத் திரும்ப வைக்கும் கெட்ட பழக்கமும் அதனால்தான் வருகிறது. ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில், பின்பக்கமாக வையுங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம் கதவுதான். ஃபிரிட்ஜ் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

சூடான சோற்றை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று பயந்தே பலர் ராத்திரி முழுவதும் வெளியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு கப், இரண்டு கப் வெதுவெதுப்பான சோற்றால் ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. தவறு, குண்டானோடு தூக்கி உள்ளே வைப்பதுதான். குண்டானின் ஓரம் சில்லென்று ஆகிவிடும். நடுவில் இருக்கும் சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். காலையில் மேலாக எடுத்த சோறு நன்றாக இருந்து, அடியில் தோண்டியது புளித்திருந்தால் காரணம் இதுதான்.

ஹாட்பாக்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது சமையலறையிலிருந்து சாப்பாட்டு இடம் வரை சூட்டைக் கொண்டுவரும் சாமான். காலை 8 மணிக்குப் போட்டு மூடிய சோறு மதியம் 1 மணிக்குத் திறக்கும்போது இதமான சூட்டில் இருக்கும். கைக்கு இதமாக இருக்கும் அந்தச் சூடுதான் கிருமிக்கும் இதமான சூடு. மதியச் சாப்பாடு கட்டிப்போகிறவர்கள், கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் சூடேற்றிய நல்ல ஃபிளாஸ்க் டப்பாவில் ஆவி பறக்கும் சோற்றை நிறைத்துக் கட்டுங்கள். அல்லது புளிச்சோறு போன்ற புளிப்புள்ள சோற்றை நன்றாக ஆறவைத்துக் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்? மறுநாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒழுங்காக ஆறவைத்து, மின்சாரம் போகாத ஃபிரிட்ஜில் வைத்த வெறும் சோறு என்றால் மூன்றாம் நாள் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். டப்பா மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதி வைத்தால், இது எந்த நாள் சோறு என்ற குழப்பம் வராது.

ஏன் விறைக்கிறது

ஃபிரிட்ஜில் வைத்த சோறு காய்ந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். மூடி போட்டு வைத்த சோற்றில் தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கிறது. அரிசி வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து, உப்பி, தளர்ந்துவிடுகிறது. ஆறும்போது தளர்ந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காக இறுகுகின்றன. அமைலோஸ் என்ற நேர் இழை சில மணி நேரத்திலேயே இறுகிவிடும்; அமைலோபெக்டின் என்ற கிளை இழை அதன் பிறகு நாள்கணக்கில் மெல்ல இறுகும். இந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஃபிரீசரில் உறைந்துவிட்டால் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. ஃபிரீசர் சோறு ஒரு மாதம் கழித்தும் மெத்தென்று வருவதும், ஃபிரிட்ஜ் சோறு இரண்டாம் நாளே கல்லாவதும் இதனால்தான்.

நல்ல செய்தி, கிளை இழையின் இறுக்கம் 60 டிகிரிக்கு மேல் ஈரச்சூடு பட்டால் அவிழ்ந்துவிடும். ஈரம் இல்லாத சூடு பட்டால் சோறு இன்னும் வறண்டுபோகும். கீழே சொல்லும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: கொஞ்சம் தண்ணீர், இறுக்கமான மூடி, நடுப்பகுதி வரை ஆவி பறக்கும் சூடு. ருசிக்கு 60 டிகிரி போதும். பாதுகாப்புக்கு 74 டிகிரி வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில், நடுவிலிருந்து ஒரு கரண்டி கிளறினால் ஆவி எழவேண்டும். அந்தச் சோற்றை உள்ளங்கையில் வைத்தால் பிடித்துக்கொண்டிருக்க முடியக்கூடாது.

அரிசியைப் பொறுத்து வேலை கொஞ்சம் மாறும். ஆரணி, களம்பூர் ஆலைகளிலிருந்து வரும் பொன்னிப் புழுங்கலரிசியில் சோறு உதிரியாக இருக்கும், மறுசூட்டைத் தாங்கும், குழையாது. பச்சரிசிச் சோறு சீக்கிரம் ஒட்டிக் கட்டியாகும்; அதற்குத் தண்ணீர் குறைவாகவும் ஆவி அதிகமாகவும் வேண்டும். ரேஷன் புழுங்கலரிசி தடிமனானது. கூடுதலாக மூன்று நிமிடம் கொடுங்கள். சீரகச் சம்பா மிகப் பொடிசு. கரண்டி போட்டுக் கிளறினால் நொறுங்கும். அதைக் கிளறாமல் ஆவியில்தான் வைக்க வேண்டும்.

இனி வரும் கணக்குகளில் கப் என்பது 200 மில்லி டம்ளர். அதில் அமுக்காமல் நிரப்பிய சோறு ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். தெளிக்கும் தண்ணீர் குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தக் கரிப்பு சோற்றிலும் தெரியும்.

இட்லிக் குண்டானில் ஆவி கட்டுவது

ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்பிடிக்காது, குழையாது, எந்த அரிசிக்கும் ஒத்துவரும்.

1. குண்டானில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். தட்டின் அடியைத் தண்ணீர் தொடக்கூடாது. தொட்டால் அடிச்சோறு கஞ்சியாகும்.

2. ஃபிரிட்ஜ் சோற்றை டப்பாவிலேயே கரண்டியால் குத்தாமல், கையை நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்துவிடுங்கள். ஈரக்கையில் ஒட்டாது, பருக்கையும் உடையாது.

3. இட்லித் தட்டின் மேல் ஈரத்துணி விரித்து, சோற்றை ஓரத்தில் உயரமாகவும் நடுவில் பள்ளமாகவும் பரப்புங்கள். ஆவி நடுவழியாக ஏறிச் சுற்றிவர அந்தப் பள்ளம் உதவும். ஒரு தட்டில் இரண்டு கப்புக்கு மேல் வேண்டாம்.

4. கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, துணியின் நான்கு முனைகளையும் சோற்றின் மேலே மடித்து மூடுங்கள். இந்த மடிப்பை விட்டால் மூடியில் சேரும் ஆவித் தண்ணீர் சொட்டுச்சொட்டாக விழுந்து, அங்கங்கே சோறு சொதசொதப்பாகும்.

5. ஆவி வந்த பிறகு மூடி போட்டு 8 நிமிடம். ரேஷன் அரிசிக்கு 11. அடுப்பை அணைத்து, திறக்காமல் இன்னும் 2 நிமிடம் விடுங்கள்.

இட்லித் தட்டு இல்லாத அறையில், குண்டானுக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் ஓட்டைத் தட்டை வைத்தாலும் இதே வேலை நடக்கும். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் குண்டானின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டாத அலுமினியக் குண்டான் அதில் சூடாகாது.

வெந்நீரில் போட்டு வடிப்பது

வடித்துச் சாப்பிடும் புழுங்கலரிசிச் சோற்றுக்கு மட்டும் பொருந்தும் வழி இது, நேரம் மிச்சம். இரண்டு கப் சோற்றுக்கு நாலு கப் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். உதிர்த்த சோற்றைக் கொட்டியதும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வரும் வரை காத்திருங்கள். கொதி திரும்பிய பிறகு ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். உடனே வடிதட்டு போட்டுச் சாய்த்துவிடுங்கள். சூடான அந்தக் குண்டானிலேயே மூடி 3 நிமிடம் வைத்தால் மிச்ச ஈரமும் இழுத்துக்கொண்டு புதுச்சோறு போல வரும்.

இங்கே கெடுவது இரண்டு இடத்தில். கொதி வராத தண்ணீரில் போட்டால் சோறு ஊறுமே தவிரச் சூடாகாது. மூன்று நிமிடம் தாண்டினால் பருக்கையின் முனை வெடித்துக் குழைந்துவிடும். பச்சரிசியையும் சீரகச் சம்பாவையும் இப்படிச் செய்யவே வேண்டாம், கஞ்சிதான் மிஞ்சும். உப்புப் போட்டு ஆக்கிய சோறாக இருந்தால் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், இல்லாவிட்டால் சப்பென்று ஆகும்.

குக்கர், வாணலி, மைக்ரோவேவ்

நாலு கப்புக்கு மேல், வீட்டுக்கே சேர்த்து என்றால் குக்கர் நல்லது. அடியில் ஒன்றரை டம்ளர் தண்ணீர், உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் தெளித்த சோறு, பாத்திரத்தின் மேல் ஒரு தட்டு. வெயிட் போடாமல், மூக்கில் ஆவி சீறத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் போதும். வெயிட் போட்டு விசில் விட்டால் புழுங்கலரிசி ஓரளவு தாங்கும், பச்சரிசி பொங்கலாகிவிடும்.

வாணலியில் செய்வது ஒரு ஆளுக்கான அவசர வழி. அடிகனமான வாணலியில் ஒன்றரை கப் சோற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரை முதலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதன் மேல் சோற்றைப் போட்டு மூடுங்கள். பலர் சோற்றைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் கீழே இறங்குவதற்குள் அடிச்சோறு காய்ந்து பிடித்துவிடும். தீ சிம்மில் இருக்கட்டும். 3 நிமிடம் கழித்து அடியிலிருந்து ஒரே ஒரு முறை புரட்டி, இன்னும் 2 நிமிடம்.

மைக்ரோவேவில் அலை தண்ணீரைத்தான் சூடாக்கும். அது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படாது. ஓரம் கொதிக்கும்போது நடுவில் சில்லென்று இருக்கும். 800 வாட் மைக்ரோவேவில் இரண்டு கப் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, கண்ணாடி அல்லது பீங்கான் தட்டில் நடுவில் பள்ளம் விட்டுப் பரப்பி, இன்னொரு பீங்கான் தட்டால் மூடுங்கள். ஒன்றரை நிமிடம் ஓடவிட்டு, எடுத்து வெளிச்சோறு உள்ளேயும் உள்சோறு வெளியேயும் போகும்படி புரட்டி, மறுபடி 1 நிமிடம். மூடியைத் திறக்காமல் 2 நிமிடம் விட்டால் சூடு பரவிவிடும். எவர்சில்வர் பாத்திரமும் ஓட்டல் பார்சலின் அலுமினிய டப்பாவும் உள்ளே போகக்கூடாது. பார்சல் வந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம்; சூட்டில் நெளியும்.

ஃபிரீசர் சோற்றுக்கு மைக்ரோவேவ்தான் ஏற்றது. வெளியே எடுத்து வைத்து உருக விடாதீர்கள், கட்டியாகவே உள்ளே வையுங்கள். இரண்டு கப்புக்கு மொத்தம் 4 முதல் 5 நிமிடம் பிடிக்கும். பாதியில் எடுத்து உடைத்துவிட வேண்டும். ஃபிரீசரில் வைக்கும்போதே ஜிப் கவரில் ஒரு விரல் தடிமனாகத் தட்டையாக்கி வைத்தால் இந்த வேலை பாதியாகும்.

மின்சார ரைஸ் குக்கரின் 'வார்ம்' பொத்தானை நம்பிக் குளிர்ந்த சோற்றை உள்ளே போட வேண்டாம். அது சூடாக இருப்பதைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடு. குளிர்ந்த சோற்றை ஏற்ற அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் சோறு கிருமி பெருகும் சூட்டிலேயே இருக்கும். வேறு அடுப்பே இல்லையென்றால் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி 'குக்' பொத்தானை அழுத்துங்கள்.

எந்த முறையானாலும் ஒரு முறை சூடுபண்ணியதை அந்த வேளையே முடித்துவிட வேண்டும். மிஞ்சியதைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மூன்றாம் முறை சூடேற்றினால், ஒவ்வொரு ஆறலிலும் கிருமிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்ததாகும். அதற்குத்தான் முதலிலேயே வேளை வேளையாகப் பிரித்து வைக்கச் சொன்னது.

கலந்த சோறும் பிரியாணியும்

தயிர்ச்சோற்றைச் சூடுபண்ணக் கூடாது; திரிந்துவிடும். எலுமிச்சைச் சோற்றைச் சூடுபண்ணினால் பழத்தின் மணம் போய்விடும். மிஞ்சும் என்று தெரிந்தால் பாதியைச் சாறு பிழியாமல் எடுத்து வைத்து, மறுநாள் சூடுபண்ணி இறக்கியபின் பிழியுங்கள். தேங்காய்ச் சோறு எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசிப்போகும், அன்றைக்கே முடியுங்கள். புளிச்சோறு புளிப்பால் கொஞ்சம் தாங்கும். அதற்குத் தண்ணீர் தெளிக்காமல் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு வாணலியில் பிரட்டினால் போதும். சாம்பார்ச் சோறும் வெண்பொங்கலும் ஆறினால் இறுகிக் கட்டியாகும். கப்புக்குக் கால் டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கிளறிக்கொண்டே சூடேற்றுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் திப்பித்திப்பியாக நிற்கும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சீரகச் சம்பா பிரியாணிக்குத் தனிக் கவனம் வேண்டும். கறி இருப்பதால் சோற்றைவிடச் சீக்கிரம் கெடும். பருக்கையோ பொடிசு. மீந்ததும் கறித்துண்டுகளைத் தனியே எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. துண்டோடு சேர்த்துச் சூடேற்றினால் சோறு வெந்துபோகும் நேரத்தில் துண்டின் உள்ளே சில்லென்று இருக்கும். மறுநாள் ஒரு பாத்திரத்தில் கறியை முதலில் போட்டு, தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடி 5 நிமிடம் சூடேற்றுங்கள். அதன் மேல் சோற்றை அமுக்காமல் தூவி, மூடியின் விளிம்பில் ஈரத்துணி சுற்றி, பாத்திரத்தைச் சூடான தோசைக்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். சிம்மில் 10 நிமிடம். கல் இருப்பதால் தீ நேராகப் படாது, தம் போட்டது போலவே வரும். ஒரு பெரிய துண்டைப் பிய்த்துப் பார்த்து எலும்போரம் ஆவி வருகிறதா என்று பாருங்கள். கத்திரிக்காயைத் தனியே சூடேற்றுங்கள். தயிர்ப் பச்சடி மிஞ்சியிருந்தால் கொட்டிவிடுங்கள், புதிதாக வெங்காயம் அரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆகாது.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது

நூல் விடும் சோறு, கொழகொழப்பு, புளித்த வாடை, கறுப்போ இளஞ்சிவப்போ புள்ளிகள் இதில் எது இருந்தாலும் மொத்தத்தையும் எறியுங்கள். மேலாக எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் இவை எதுவும் இல்லாததாலேயே நல்ல சோறு என்று சொல்ல முடியாது. முன்னே சொன்ன நச்சுக்கு வாடை இல்லை. மூக்கைவிட மணிக்கணக்கை நம்புங்கள். மதியம் 12 மணிக்கு இறக்கிய சோறு சாயங்காலம் 6 மணி வரை மேடையிலேயே இருந்தால், பார்க்க மல்லிகையாக இருந்தாலும் அது சூடுபண்ணும் சோறு அல்ல.

மருத்துவமனைக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகள், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், மிக வயதானவர்கள் இவர்களுக்கு மீந்த சோறே வேண்டாம். அவர்களுக்கு அரை டம்ளர் அரிசியானாலும் புதிதாகப் போடுங்கள். மீந்ததைத் துணைக்கு இருப்பவர் சாப்பிடட்டும்.

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சோற்றை எறிந்துவிட வேண்டியதுதான். நிறைந்திருக்கும் ஃபிரீசர் மூடிய நிலையில் ஏறத்தாழ 2 நாள் தாங்கும். பாதி காலியாக இருந்தால் 1 நாள்.

பழைய சோறு வேறு கணக்கு

தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய சோற்றைச் சூடுபண்ணுவது கிடையாது. அதில் வேலை செய்வது புளிக்கவைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். அவை உண்டாக்கும் புளிப்பு மற்றக் கிருமிகளை அடக்குகிறது. சூடேற்றினால் அந்த நல்லதும் போய், ருசியும் போய்விடும். ராத்திரி ஆக்கிய சோற்றை ஆறியவுடன் மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, துணி கட்டி வையுங்கள். காலையில் உப்பு, மோர், சின்ன வெங்காயம். மதியத்திலிருந்து வெளியில் கிடந்த சோற்றை ராத்திரி தண்ணீரில் போட்டால் அது பழைய சோறாகாது, கெட்டது கெட்டதுதான். கத்திரி வெயிலில் காலை 10 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

சோறாகவே சாப்பிடப் பிடிக்காதபோது

ஃபிரிட்ஜில் ஒழுங்காக வைத்த சோறு களிக்கு அருமையாகச் சேரும். வட ஆற்காட்டில் களிக்கு நொய் வேகவைத்துத்தான் மாவு போடுவார்கள். நொய்க்குப் பதில் இந்தச் சோறு. ஒரு கப் சோற்றை மூன்று கப் தண்ணீரில் நன்றாகக் குழையும் வரை 10 நிமிடம் கொதிக்கவிட்டு மசியுங்கள். உப்புப் போட்டு, ஒரு கப் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி சிம்மில் 7 நிமிடம் விடுங்கள். மாவுக்குவியலின் மேல் வெடிப்பு விட்டதும் துடுப்பால் ஒரே திசையில் கட்டியில்லாமல் கிண்டி, இன்னும் 4 நிமிடம் மூடி வைத்து, ஈரக்கையால் உருட்டுங்கள். ஈரக்கையில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னி, கருவாட்டுக் குழம்பு, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் கடையல் எது இருந்தாலும் போகும்.

தாளித்த சோற்றுக்கும் முட்டைச் சோற்றுக்கும் குளிர்ந்த சோறுதான் புதுச்சோற்றைவிட நல்லது. இறுகிய பருக்கை வாணலியில் ஒட்டாமல் தனித்தனியாகப் புரளும். இதற்குத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. வாணலியில் ஒரு நேரத்துக்கு இரண்டு கப்புக்கு மேல் போடக் கூடாது, போட்டால் வாணலியின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் புழுங்கும்.

வெயில் காலத்தில் மூன்று கப்புக்கு மேல் மிஞ்சினால் வடகம் பிழியலாம். சோற்றை அதே அளவு தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நாலு பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், உப்பு, சிட்டிகை பெருங்காயம் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். உப்பு பாதி போட்டால் போதும். காய்ந்தபின் ஏறித் தெரியும். காலை 8 மணிக்குள் மாடியில் துணி விரித்துப் பிழிந்துவிட வேண்டும், அப்போதுதான் அன்று சாயங்காலத்துக்குள் மேல்தோல் காயும். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். உடைத்தால் படக்கென்று முறியவேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.